மாடி அறையும் மொட்டைக் கடிதமும்

செம்பாக்கத்தில் எங்கள் தெருப் பணக்காரர் ஒருவர் மூன்று மாடி கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். தரைத்தளத்துக்கு மட்டுமே சொத்து வரி கட்டுவதாக அவரே பெருமையடித்தார். ஆத்திரத்தில் மாநகராட்சிக்கு மொட்டைக் கடிதம் எழுதினேன். தபாலில் போடக் கிளம்பும்போது கணவர் கேட்டார்: "நம்ம மாடி ரூமுக்கு வரி கட்றோமா?"

கடிதத்தைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டேன். அறை கட்டி நான்கு வருடமாகியும் நாங்கள் தெரிவிக்கவே இல்லை. கடிதம் கிடைத்து அதிகாரிகள் தெருவை அளக்க வந்திருந்தால் நாங்களும் மாட்டியிருப்போம். மறுநாளே வரி அலுவலகத்தில் போய்ச் சொன்னேன்.

"நீங்களே வந்ததால பழைய வரியோட போச்சு மேடம். நாங்க கண்டுபிடிச்சிருந்தா அபராதமும் சேர்ந்திருக்கும்" என்றார் அலுவலர். அப்பாடா என்றிருந்தது.

பணம் கட்டிய கையோடு அந்தக் கடிதத்தையும் கொடுத்தேன், அடியில் என் பெயரை எழுதி. பெயர் போட முடியாத புகாரை இப்போதெல்லாம் நான் எழுதுவதில்லை.