தனப்பிரியா தட்டுவடை செட்

தனப்பிரியாவுக்கு ஒரு நோய் உண்டு. கேள்வி கேட்கும் நோய். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் டிக்கெட் வாங்கி முடிப்பதற்குள் அவர் எந்த ஊர், யார் வீடு, பெண்ணெடுத்தது எங்கே என்பதெல்லாம் இவளுக்குத் தெரிந்துவிடும். ஆட்டையாம்பட்டிப் பக்கம் இதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. முன்பின் தெரியாத ஆளிடம் ஊரைக் கேட்டு, வீட்டைக் கேட்டு, அடுத்த கேள்வியில் ஏதாவது ஒரு மாமனையோ பங்காளியையோ கண்டுபிடித்துவிடுவதுதான் அங்கே மரியாதை. கேட்காமல் விட்டால்தான் ‘மதிக்கவே இல்லை’ என்று பேச்சு வரும். மற்றவர்கள் அந்த மரியாதைக்காகக் கேட்டார்கள். இவளோ, பதில் தெரியாவிட்டால் சோறு இறங்காது என்பதற்காகக் கேட்டாள்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை ஒரு முட்டை வியாபாரியின் அலுவலகத்தில். எந்த லாரியில் எவ்வளவு முட்டை கேரளாவுக்குப் போகிறது என்று கணினியில் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முட்டையிடம் என்னத்தைக் கேட்பது? கணவன் சிவக்குமார் போர்வெல் ரிக் வண்டியோடு வருஷத்தில் பாதி நாள் வடக்கே போய்விடுவான். வீட்டில் மாமனார், மாமியார், எருமைகள், குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காடு. பிறந்த ஊரில் அவள் மயில்சாமி மகள், கட்டிக்கொடுத்த ஊரில் வெள்ளியங்கிரி மருமகள், ஆபீஸில் முட்டைக்கார அக்கா. அவளுடைய சொந்தப் பேர் ஆதார் அட்டையில் மட்டும் பத்திரமாக இருந்தது.

தனக்கென்று ஒன்று வேண்டும் என்ற எண்ணம் எப்போது வந்தது என்று அவளுக்கே நினைவில்லை. சாயங்காலம் ஆபீஸ் முடிந்ததும் போடலாம் என்று ஒரு தள்ளுவண்டியைப் பழையதாகப் பார்த்து வாங்கினாள். டியூஷன் சென்டருக்கு எதிரில், புங்கமரத்தடியில் இடம் பிடித்தாள். தட்டுவடை செட் போடுவதற்குப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். தட்டை போல மொறுமொறுவென்றிருக்கும் ஒரு தட்டுவடைமேல் பச்சைச் சட்னியும் சிவப்புச் சட்னியும் தடவி, துருவிய பீட்ரூட்டையும் கேரட்டையும் வெங்காயத்தையும் குவித்து, எலுமிச்சை பிழிந்து, இன்னொரு தட்டுவடையால் மூடிவிட்டால் ஆயிற்று. ஆனால் சட்னி கைக்குக் கை மாறும். இவள் கைக்கு அது நன்றாகவே வந்தது. போனில் சிவக்குமார் சரியென்று சொல்லிவிட்டான். அவன் சரியென்று சொன்னதில் பாதி, தூரத்தில் இருக்கிற தைரியம்.

மாமனார் வெள்ளியங்கிரிதான் முகத்தைத் தூக்கினார். அதுவும் வண்டிக்காக இல்லை, வண்டிமேல் மாட்டிய பலகைக்காக. ‘தனப்பிரியா தட்டுவடை செட்’ என்று சிவப்பில் எழுதி வாங்கி வந்திருந்தாள்.

“வண்டி போடறது இருக்கட்டும் அம்மிணி. பேரை எதுக்கு ரோட்டுல தொங்க உடறே? ஏதாச்சும் சாமி பேரை வெய்யி.”

“சாமியா மாமா வெங்காயம் அரியுது? நான்தானுங்களே அரியறேன்.”

கிழவருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், அடக்கிக்கொண்டார். பொங்கல் நோம்பி வரைக்கும் பார், அதற்குள் ஊர் சிரித்தால் வண்டி காட்டுக்கு வந்துவிட வேண்டும், மாட்டுத் தீவனம் அள்ள ஆகும் என்று கெடு வைத்தார். அன்றிலிருந்து சந்தைக்குப் போனாலும் அந்த ரோட்டைத் தவிர்த்துச் சுற்றுவழியில் போனார்.

ஐப்பசியில் கடை அமர்க்களமாகத் தொடங்கியது. டியூஷன் பிள்ளைகள், தறிப்பட்டறைக்காரர்கள், பஸ்ஸுக்கு நிற்பவர்கள் என்று வண்டியைச் சுற்றிக் கூட்டம். தனப்பிரியாவுக்குச் சொர்க்கம் கையருகே வந்தது போலிருந்தது. ஒரு கை தட்டுவடையை அடுக்க, வாய் பாட்டுக்கு ‘எந்த ஊருங்க, யாரு ஊடுங்க’ என்று விசாரித்துக்கொண்டே இருந்தது. சர்க்கரை வியாதிக்காரர் ஒருவரின் தம்பி தன் பெரியப்பா மகனோடு படித்தவர் என்று கண்டுபிடித்தாள். ரெட்டைச் சடைப் பெண் ஒருத்தி, பேர் கனிஷ்கா, தூரத்து உறவில் தங்கை முறை என்று கண்டுபிடித்தாள். அந்தச் சந்தோஷத்தில் அவளுக்குக் கூடுதலாகக் கேரட் வைத்துக் கொடுத்தாள்.

கார்த்திகையில் கூட்டம் கரைந்தது. முதலில் டியூஷன் பிள்ளைகள் வரவில்லை. பிறகு சர்க்கரை வியாதிக்காரரைக் காணோம். எதிரிலேயே பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்கூட இந்தப் பக்கம் திரும்பாமல் நின்றார்கள். தனப்பிரியா புளியை மாற்றிப் பார்த்தாள், பூண்டைக் குறைத்துப் பார்த்தாள். தட்டுவடையைப் பழைய இடத்தில் வாங்குவதை நிறுத்திவிட்டு வேறிடத்தில் வாங்கினாள். ஒன்றுக்கும் அசையவில்லை. அவளை அரித்தெடுத்தது இன்னொன்று. தெருக்கோடியில் மதியழகன் என்பவர் வண்டி போட்டிருந்தார். அந்தச் சட்னி தண்ணீர். கேரட் நேற்றையது. ஆனால் கூட்டம் அங்கேதான் மொய்த்தது. அது எப்படி? பயம் ஒரு பக்கம், பொங்கல் நெருங்கும் கவலை ஒரு பக்கம். ஆனாலும் எல்லாவற்றையும்விட, அது எப்படி என்கிற கேள்விதான் அவளைப் படுத்தியது.

ஒரு சாயங்காலம் வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு மதியழகன் கடைக்கே போய் நின்றாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “காரமா, மீடியமா?” என்றார். அவ்வளவுதான். இவள் மீடியம் என்றாள். தட்டு கைக்கு வந்தது. சட்னி தண்ணீர்தான். ஆனால் தின்றுகொண்டு நின்ற அந்தக் கொஞ்ச நேரம் யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. யார் மகளும் இல்லை, யார் மருமகளும் இல்லை. தோளிலிருந்து விறகுக்கட்டை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இது என்ன கூத்து என்று அவளுக்கே ஆச்சரியமாகப் போயிற்று.

பக்கத்தில் ஒரு பெண் தட்டை மறைத்துக்கொண்டு விலகினாள். ரெட்டைச் சடை. கனிஷ்காதான். பிள்ளையின் முகம் வெளுத்திருந்தது.

“அக்கா, அம்மாகிட்டச் சொல்லிப்போடாதீங்க.”

“என்னத்தைக் கண்ணு?”

“போன தடவை காதுகுத்துல அம்மாவைப் பாத்தப்போ சொல்லீட்டீங்கல்லக்கா, உங்க புள்ள நம்ம கடைக்குத் தவறாம வருதுன்னு. அன்னைக்கு ஊட்டுல வாங்குனது பாருங்க…”

தனப்பிரியாவுக்கு எல்லாம் விளங்கியது. பெருமைக்குச் சொன்ன வார்த்தை அது. நம்ம பிள்ளை நம்ம கடையில் சாப்பிடுகிறது என்று வாய் நிறையச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? சர்க்கரை வியாதிக்காரரின் தம்பியிடமும் அப்படித்தான் போனில் பேசியிருந்தாள். தெருவில் நின்று ஒரு செட்டுத் தின்ன வருகிறவர்கள் யாருக்கும் தெரியாமல் கொஞ்ச நேரம் நிற்கத்தான் வருகிறார்கள். இவளோ ஒவ்வொரு தட்டோடும் அவர்கள் வீட்டையே கூட்டி வந்து பக்கத்தில் நிறுத்தியிருக்கிறாள். அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது.

“சொல்ல மாட்டேன் சாமி. இனி யாரையும் எதுவும் கேக்கவும் மாட்டேன்” என்றாள்.

சொல்வது சுலபம். அடுத்த நாளிலிருந்து அவள் பட்ட பாடு நாய் படாது. புது முகம் ஒன்று வந்து நிற்கும். நாக்கு நுனிவரை ‘எந்த ஊருங்க’ வந்துவிடும். அவசரமாக ஒரு கேரட் துண்டை வாயில் போட்டு மென்றுகொண்டு, காரம் எப்படி வேண்டும் என்று மட்டும் கேட்பாள். அந்த மார்கழியில் அவள் தின்ற கேரட்டுக்குக் கண் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். கனிஷ்கா முதலில் வந்தாள், பின்னால் அவள் தோழிகள். சர்க்கரை வியாதிக்காரர் மரத்தின் மறுபக்கம் நின்று தின்றுவிட்டுப் போனார். கேட்காமல் இருக்க இருக்க, வந்தவர்கள் தாங்களே பேசினார்கள். இவள் கேட்டுத் தெரிந்துகொண்டதைவிட அது சுவையாக இருந்தது.

பொங்கலுக்கு முந்தின வாரம், கூட்டம் நெரியும் நேரத்தில், புங்கமரத்தடியில் ஒரு மொபெட் வந்து நின்றது. மாமனார். பின்னால் கயிறு ஏதும் கட்டியிருக்கிறாரா, வண்டியை இழுத்துப் போகத்தான் வந்திருக்கிறாரா என்று தனப்பிரியா எட்டிப் பார்த்தாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார். முறை வந்ததும் அவள் முகத்தைப் பார்க்காமல் ஒரு செட்டு என்றார். ‘மாமா’ என்று வந்த வார்த்தையை அவள் விழுங்கினாள்.

“காரம் எப்படீங்க?”

“நல்லாப் போடு.”

அவர் தட்டோடு ஒதுங்கி நின்று, முதல் கடியிலேயே கண் கலங்கித் தின்றுகொண்டிருந்தார். எப்படி இருக்கிறதென்று அவள் கேட்கவில்லை. கேரட் தீர்ந்துவிட்டதால் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போது பஸ்ஸுக்கு நின்ற வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர், தட்டோடு வெள்ளியங்கிரி பக்கம் நகர்ந்து, அந்த ஊர் வழக்கப்படி ஆரம்பித்தார்.

“உங்களை எங்கியோ பாத்தாப்புல இருக்குதுங்களே. நீங்க யாரு ஊடுங்க?”

தனப்பிரியாவின் கை எலுமிச்சைமேல் நின்றது. மாமனார் ஊரைச் சொல்வார், தன் அப்பா பேரைச் சொல்வார், பங்காளி வீட்டைச் சொல்வார். அறுபது வருஷமாக அந்தக் கேள்விக்கு அவரிடம் அந்தப் பதில்தான். வெள்ளியங்கிரி வாயிலிருந்ததை மென்று விழுங்கினார். தலைக்குமேல் தொங்கிய பலகையை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார்.

“தனப்பிரியா ஊடுங்க. நான் அவ மாமனாரு.”

அவள் மருமகளாக வந்த நாள் முதல் அம்மிணி என்றுதான் அவளைக் கூப்பிட்டிருக்கிறார். அவர் வாயால் அந்தப் பேரை அவள் கேட்டது அன்றுதான். அவர் திரும்பி, காலித் தட்டை நீட்டினார்.

“இன்னொண்ணு போடு அம்மிணி. உங்க அத்தைக்கும் ஒண்ணு கட்டிக் குடு, காரம் கம்மியா.”