எல்லாருக்கும் கைகுடுக்க வேணும்

டென்மார்க்கின் புரொண்பியில் அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே உள்ள ஒரு பொதுக்கூடத்தில் நிற்கிறேன். துப்பாக்கி வழக்குகளில் நீதிமன்றம் நிபந்தனையோடு வெளியே விட்ட இளைஞர்கள் கிழமைக்கு ஒரு மாலை இங்கே வரவேண்டும். கூடத்தை நடத்துவது அயலவர்கள்தான். இதைப் பார்க்க என்னைக் கூட்டிவந்த மங்கை அக்காவும் அவர்களில் ஒருவர். பகலில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார்.

மேசையில் கோப்பியும் அவர் சுட்ட வடையும் இருக்கின்றன. நாலைந்து பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். கதவு திறக்கிறது. ஜாக்கெட் பொக்கற்றுகளுக்குள் கைகளை விட்டபடி ஒருவன் நிற்கிறான். யன்னலோரம் இருப்பவன் வடையைக் கீழே வைக்கிறான். இந்த இருவரின் தெருக்காரர்களும் போன வருடம் ஒருவரையொருவர் சுட்டவர்கள் என்று அக்கா மெதுவாகச் சொல்கிறார்.

“பயமில்லையோ அக்கா?” என்று கேட்கிறேன்.

“இஞ்ச வாறவை எல்லாருக்கும் கைகுடுத்துப்போட்டுத்தான் இருக்கவேணும், தம்பி. டெனிஷ்காரரின்ர பழக்கம். நான் அதை விடமாட்டன். கைகுடுக்கிறதெண்டால் கையைப் பொக்கற்றிலயிருந்து எடுக்கத்தானே வேணும்.”

வந்தவன் ஒவ்வொருவராகக் கைகொடுத்துக்கொண்டு போகிறான். யன்னலடியில் அவன் கால் தயங்குகிறது. மற்றவன் எழும்பி, எண்ணெய்க் கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு நீட்டுகிறான். முகம் பார்க்காமலே இருவரும் கைகுலுக்குகிறார்கள். அக்கா திரும்பியும் பார்க்கவில்லை. வந்தவனுக்குக் கோப்பி ஊற்றுகிறார்.

கடைசியாக அவன் என் முன்னால் வந்து கையை நீட்டுகிறான். என் இரண்டு கைகளும் கோட் பொக்கற்றுக்குள் இருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிகிறது.