புகை குடிக்கும் மெஷினும் தனலெட்சுமி டீச்சரும்

1. திரும்பி வந்த மெஷின்

நான் விற்ற காற்றுச் சலிக்கும் மெஷினைப் பெருமாள் அண்ணன் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தபோது, நான் ஒருவருக்கு இஸ்திரிப்பெட்டி காட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் சத்தம் போடவில்லை. சத்தம் போடும் வாடிக்கையாளரைச் சமாளிப்பது எனக்குச் சுலபம். சத்தம் போடாதவர்தான் கஷ்டம்.

"மணியம், இது வர்றதுக்கு முன்னாடி அவளுக்கு மாசத்துக்கு ஒரு தடவை மூச்சு இழுப்பு வரும். இப்ப வாரத்துக்கு ரெண்டு தடவை வருது. போன திங்கக்கிழமை தோட்டத்து ஆபீஸ் கிராணி காருல தூக்கிப் போட்டுக்கிட்டு கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்."

அவள் என்று அவர் சொன்னது அவர் மனைவி தனலெட்சுமி டீச்சரை. மலேசியாவில் தஞ்சோங் காராங் நெல்வயல்களுக்கு இந்தப் பக்கம் இருந்த ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு ஆசிரியை. பெருமாள் அண்ணன் அதே தோட்டத்து எண்ணெய் ஆலையில் லோரிகளை நிறுக்கும் வேலை பார்த்தார். எண்பதுகளின் நடுவில் நடந்த கதை இது. அப்போது நான் கோலசிலாங்கூரில் ஒரு மின்சாமான் கடையில் விற்பனையாளன், ரிப்பேர்காரன், டெலிவரிக்காரன் எல்லாம். வயது இருபத்தாறு. எனக்குத் தெரியாத சாமான் கடையில் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"செம்மண் ரோட்டுத் தூசி அடைச்சிருக்கும் அண்ணே. தொறந்து கழுவினா சரியாயிடும்" என்று சொல்லிக்கொண்டே ஸ்க்ரூவைக் கழற்றினேன். உள்ளே இருந்த பஞ்சு பில்டர் சிவப்பாக இல்லை. காப்பிக் கறை நிறத்தில், விரலில் ஒட்டுகிற பிசினாக இருந்தது. முகர்ந்து பார்த்தேன். கோயிலுக்குள் நுழைந்த மாதிரி மணத்தது.

"அண்ணே, வீட்டுல சாம்பிராணி போடுறீங்களா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "போடலாம்னு நீதானே சொன்னே."

2. மீன் தொட்டி வித்தை

அந்த மெஷினை நான் எப்படி விற்றேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். மறைத்தால் இந்தக் கதைக்குப் பிரயோஜனம் இல்லை.

எங்கள் கடை முதலாளியை தவுக்கே என்போம், தோட்டத்துச் சீனர். தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர், நம்மைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மீன் தொட்டி வித்தையைச் சொல்லிக்கொடுத்துவிட்டார். பழைய கண்ணாடி மீன் தொட்டி ஒன்றைக் கவிழ்த்து, அதற்குள் சின்ன அயனைசர் மெஷினை வைப்போம். சிகரெட் புகையை ஒரு வாய் இழுத்து ரப்பர் குழாய் வழியாக உள்ளே ஊதுவோம். தொட்டி வெள்ளையாகிவிடும். சுவிட்சைத் தட்டி நிதானமாக முப்பது எண்ணினால் புகை காணாமல் போயிருக்கும். கூட்டம் வாயைப் பிளந்து நிற்கும்.

"பேசாதேலா மணியம். தொட்டி பேசும், நீ பில் எழுது" என்பார் தவுக்கே.

நான் பேசுவேன். பேசாமல் இருக்க என்னால் முடியாது. மேஜிக்காரன் மாதிரி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "இது காத்தைச் சலிச்சுத் தர்ற மெஷின், புகையைக் குடிச்சிடும்" என்று அளப்பேன். சனிக்கிழமைகளில் எனக்காகவே கடைக்கு வருகிறவர்கள் இருந்தார்கள்.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் பெருமாள் அண்ணன் வந்தார். அவர்கள் தோட்டத்துக்கு அப்போதுதான் இருபத்து நாலு மணி நேரமும் மின்சாரம் வந்திருந்தது. தொட்டி வித்தையை இரண்டு தடவை செய்யச் சொல்லிப் பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அவளுக்கு இழுப்பு. அதனால ரெண்டு வருஷமா வீட்டுல சாம்பிராணியே போடல. வெள்ளிக்கிழமை சாம்பிராணி மணம் இல்லாம எனக்கு என்னமோ அடுத்தவன் வீட்டுல உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு. இது இருந்தா போடலாமா?"

"தாராளமாப் போடுங்கண்ணே. சிகரெட்டையே குடிக்குது, சாம்பிராணியை விட்டுருமா?"

இதுதான் நான் சொன்னது. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வீடு எப்படி, அறை எத்தனை அடி, ஜன்னல் எங்கே என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அதோடு நின்றேனா? "புது மெஷின், மொதல்ல பொட்டு வச்சு சாம்பிராணி காட்டிட்டு அப்புறம் போடுங்க" என்று உபதேசம் வேறு. நம் ஆட்கள் லோரி வாங்கினாலும் தையல் மெஷின் வாங்கினாலும் செய்வதுதானே.

3. டீச்சர் குவார்ட்டர்ஸ்

பில்டரை முகர்ந்த அன்றே கடையைத் தவுக்கேயிடம் விட்டுவிட்டு, பெருமாள் அண்ணன் பின்னாலேயே என் மோட்டார் சைக்கிளில் போனேன்.

பலகை வீடு. கூரைக்குக் கீழே காற்றோட்டத்துக்கு என்று ஒரு முழ இடைவெளி விட்டு, சுற்றிலும் கம்பி வலை அடித்திருந்தது. தோட்டத்து வீடுகள் எல்லாம் அப்படித்தான். கொசு வராது, மற்றதெல்லாம் வரும். ஹாலில் சாமி மேடைக்கு எதிரே ஒரு முக்காலி. மெஷின் உட்கார்ந்திருந்த இடம் அதுதான். முக்காலிக்கு முன்னால் தூபக்கால் இருந்தது.

"ஏண்ணே தூபக்காலை இங்க வச்சிருக்கீங்க?"

"மெஷின் இந்தப் பக்கம் இழுத்து அந்தப் பக்கம் ஊதுதுல்ல? சாம்பிராணி வீடு பூரா பரவட்டும்னுதான்."

வெள்ளிக்கிழமை மட்டுமா என்று கேட்டேன். இல்லை, மெஷின் வந்த பிறகு தினமும் காலையும் மாலையும். இரண்டு வருஷ பாக்கியை மனிதர் தீர்த்துக்கொண்டிருந்தார். முக்காலிக்குப் பின்னாலிருந்த பலகையில் கைக்குட்டையைத் தேய்த்தேன், கறுப்பாக வந்தது. அயனைசர் புகையை ஒன்றும் குடிப்பதில்லை. புகையின் தூளைப் பக்கத்தில் இருக்கிறதில் ஒட்டவைக்கும், அவ்வளவுதான். தொட்டிக்குள் அது கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் கொஞ்சம் சுவரில் ஒட்டும், மீதி சுவாசிக்கிறவரின் நெஞ்சுக்குள் போகும்.

டீச்சர் உள்ளேயிருந்து வந்தார். மெலிந்திருந்தார். ஒரு வாக்கியத்தை இரண்டாக உடைத்துப் பேசினார்.

"மெஷினைத் திட்டாதீங்க, தம்பி. இவரு என்னைக் கேக்காம... வாங்கிட்டாரு. சாம்பிராணிக்குன்னுதான்... வாங்கினாருன்னு எனக்குத் தெரியும்."

பெருமாள் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கும் வெட்கமாக இருந்தது. அந்த ஆளை ஏமாற்றியது நான். அவராவது என்னிடம் கேட்டுவிட்டுச் செய்தார், நான் எதையும் கேட்காமல் விற்றேன்.

மேசையில் ஒரு விண்ணப்பப் பாரம் இருந்தது. கிள்ளான் பள்ளிக்கு மாற்றல் கேட்கும் பாரம். டாக்டர் சொல்லிவிட்டாராம், ஆலையும் வயலும் கக்கும் இந்தப் புகைக்காட்டில் இருக்கக்கூடாது என்று. டீச்சர் அங்கே அக்காள் வீட்டில் தங்க வேண்டும், அண்ணனுக்கு ஆலையை விட முடியாது, மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம். பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு வேறு ஆள் கிடையாது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"ஆறு வாரம் குடுங்க டீச்சர். வேற மாதிரி செஞ்சு தர்றேன்."

"இன்னும் கொஞ்ச நாள்ல வயல்ல வைக்கோல் கொளுத்துவாங்க. ஆறு வாரத்துக்குள்ள எனக்கு மூச்சு நின்னா... என்ன செய்வீங்க?"

"நாளைக்கு அளவு எடுக்க வர்றேன்" என்று மட்டும் சொன்னேன்.

4. பத்துக்குப் பன்னிரண்டு

தவுக்கேயிடம் நடந்ததைச் சொன்னேன். "வித்த சாமான் வித்ததுதான்லா" என்றார் முதலில். பிறகு அந்தப் பில்டரை அவர் மூக்கருகே நீட்டினேன். முகர்ந்துவிட்டு, "எங்கம்மாவுக்கும் இழுப்புதான்லா" என்றார். எனக்கு அது அன்றுதான் தெரியும். ஷோகேஸில் இருந்த பெரிய மெஷினைக் காட்டி, "அதைத் தூக்கிட்டுப் போ. வேலை செஞ்சா அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

அது மடிப்பு மடிப்பான காகித பில்டர் உள்ள மெஷின். விசிறி பலமானது. விலை அதிகம், வித்தை காட்டத் தோதுப்படாது, அதனால் யாரும் வாங்காமல் கிடந்தது. ஆனால் எவ்வளவு நல்ல மெஷினாக இருந்தாலும் கூரைக்குக் கீழே ஒரு முழம் திறந்து கிடக்கிற வீட்டை அது சுத்தப்படுத்தாது. ஆற்றைப் பானையால் இறைக்கிற வேலை அது. அதனால் வீட்டை விட்டுவிட்டு ஓர் அறையை எடுத்துக்கொண்டேன். படுக்கை அறை, பத்தடிக்குப் பன்னிரண்டடி. மனிதன் ஒரே காற்றை ஏழெட்டு மணி நேரம் இழுக்கிற இடம் அதுதான்.

இரண்டு நாள் வேலை. அறையைச் சுற்றிக் கூரை இடைவெளியை பிளைவூட் வைத்து அடைத்தோம். கதவுக்குக் கீழே ரப்பர் பட்டை. இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும் வெளியே போயின. அவற்றைத் தட்டியபோது கிளம்பிய தூசியைப் பார்த்து அண்ணனே இரண்டடி பின்னால் போனார். கொசுவத்திச் சுருளுக்குப் பதில் கொசுவலை. மெஷினைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தேன். புகை தெரியும்போது மட்டும் போடுவது, விருந்தாளி வந்தால் போடுவது எல்லாம் கூடாது, இரவு பகல் ஓடட்டும் என்றேன். முன்பக்கப் பஞ்சை வாரம் ஒருமுறை கழுவலாம், காகிதத்தை மட்டும் கழுவக்கூடாது. அடைத்த அறை புழுங்கும், அதற்கு ஒரு மேசை விசிறி.

"இது மருந்து இல்ல டீச்சர். டாக்டர் குடுத்ததை விட்டுடாதீங்க" என்று மூன்று தடவை சொன்னேன். அந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு சாமானைக் குறைத்துச் சொன்னது அதுதான் முதல் தடவை.

சாம்பிராணியைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க எனக்கு முகம் இல்லை. பெருமாள் அண்ணன் தானாகவே தூபக்காலை எடுத்துக்கொண்டு போய்த் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை மாலை கோயிலுக்குப் போய் அங்கேயே போடுவார். திரும்பி வந்ததும் சட்டையைக் கழற்றி வெளிக்கொடியில் தொங்கவிட்டு, குளித்துவிட்டுத்தான் அறைக்குள் போவார். இதெல்லாம் நான் சொல்லிக்கொடுத்ததில்லை.

5. வைக்கோல் கொளுத்திய மறுநாள்

நான்காம் வாரம் கொளுத்தினார்கள். கோலசிலாங்கூரில் என் வீட்டு வாசலுக்கே புகை வந்தது. படுத்தேன், தூக்கம் வரவில்லை. விடிந்ததும் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். வயல் ஓரங்களில் புகை இன்னும் கிடந்தது. தோட்டத்தை நெருங்கியபோது காற்றுத் திரும்பி, வானம் வெளுத்துக்கொண்டு வந்தது.

பெருமாள் அண்ணன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் மிளகாய்ப்பழம். பக்கத்தில் கிராணியின் கார் நின்றது.

"டீச்சர் எங்கண்ணே?"

"ஸ்கூலுக்குப் போயிட்டா."

"காரு?"

"ராத்திரி தேவைப்படும்னு கேட்டு வாங்கி வச்சேன். தேவைப்படல."

நான் பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டேன். டீச்சர் வகுப்பை விட்டு வராந்தாவுக்கு வந்தார். கையில் சாக்கட்டித் தூள், கைப்பையில் மூச்சு மருந்து எப்போதும் போல. ஆனால் பேச்சு உடையவில்லை.

"நல்லாத் தூங்கிட்டேன் தம்பி. காலைல கதவைத் தொறந்து ஹாலுக்கு வந்தப்பதான் புகை வந்ததே தெரிஞ்சுது. கதவைத் தொறந்தா புகை உள்ள வந்துரும்னு அவருதான் வெளியவே இருந்து தூங்கல. அரை மணிக்கு ஒரு தடவை கதவுல காதை வச்சுக் கேட்டுக்கிட்டு இருந்திருக்காரு."

"அப்ப அந்தப் பாரம்?"

"கிழிச்சுப் போடல. அடுத்த வருஷம் என்ன ஆகுமோ, யாருக்குத் தெரியும்? ஆனா இந்த வருஷம் இந்தப் பிள்ளைங்களை நான்தான் பரீட்சைக்கு அனுப்புவேன்." கைத்தூளைத் தட்டிவிட்டார். "ஒண்ணு கேக்கணும். முதல் தடவையே வீட்டுக்கு வந்து பாத்திருக்கலாம்ல? நான் ஆஸ்பத்திரியில கெடந்தது மிச்சமாயிருக்கும்."

"பாத்திருக்கணும் டீச்சர்" என்றேன்.

டீச்சர் அடுத்த வருஷமும் இருந்தார், அதற்கு அடுத்த வருஷமும். நடுவில் இரண்டு தடவை இழுப்பு வந்து மருந்தில் அடங்கியது. நான் மீன் தொட்டி வித்தையை விட்டுவிட்டேன். வியாபாரம் விழுந்தது, தவுக்கே தமிழில் திட்டினார், ஒரு வருஷத்துக்குள் அந்தப் பெரிய மெஷினைக் கேட்டு ஆள் வர ஆரம்பித்ததும் திட்டுவதை நிறுத்தினார். வீட்டைப் பார்த்துத்தான் விற்பான் என்ற பெயர் எனக்கு வந்துவிட்டது. அந்தப் பெயருக்குத் தகுதியானவன்தான் நான். ஒரு பெண்மணியின் மூச்சை வைத்துக் கற்றுக்கொண்டேன் என்பதை மட்டும் மறக்கவில்லை.

இப்போது ஓய்வில் இருக்கிறேன். ஏர் பியூரிபையர் வாங்கப் போகிற இளவட்டங்கள் போனில் கூப்பிட்டு, எந்த பிராண்டு நல்லது அங்கிள் என்று கேட்கிறார்கள். உங்க வீட்டுல என்னா எரியுது என்று நான் திருப்பிக் கேட்பேன். நத்திங் அங்கிள் என்பார்கள். நான் பேசாமல் காத்திருப்பேன். கொஞ்ச நேரத்தில் கொசுவத்தி வரும், அப்பாவின் சிகரெட் வரும், அம்மாவின் சாம்பிராணி வரும். அதை முதலில் வீட்டுக்கு வெளியே கொண்டுபோங்கள், ஒரு மாதம் கழித்து அறையின் அளவோடு கூப்பிடுங்கள், சேர்ந்து பார்ப்போம் என்பேன். பாதிப் பேர் திரும்பக் கூப்பிடுவதே இல்லை. கூப்பிடாதவர்களைப் பற்றி நான் கவலைப்படுவதும் இல்லை, எரிவதை வெளியே கொண்டுபோனதிலேயே அவர்கள் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பார்கள்.