பள்ளம் விழுந்த மெத்தை

எங்கள் அத்தைக்குத் தரையில் படுத்தால் தூக்கம் வராது. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று பேரையூரிலிருந்து வந்தவள், தன் மெத்தையைச் சுருட்டி பஸ் மேலே போட்டுக்கொண்டு வந்தாள். எங்கள் ஊர் பரவையில் இறங்கியதும் முதலில் மெத்தையை இறக்கச் சொன்னாள். பிறகுதான் தன் தம்பிக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். இதைச் சொன்னால் இன்றைக்கும் என்னை அடிக்க வருவாள்.

வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா போய்விட்டாள். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். கட்டிலில் அவருக்கு ஒரு பழைய இலவம்பஞ்சு மெத்தை. வருஷக்கணக்கில் படுத்துப் படுத்து, நடுவில் கொஞ்சம் இடது பக்கமாக, அவர் உடம்பு அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. காலையில் எழுந்ததும் ஒரே புகார்தான்.

“என்னமோ குத்துது தாயி. கல்லு மாதிரி.”

“மூட்டை தூக்குற முதுகுல பஞ்சு குத்துதாக்கும்? மகாராசா ஒடம்புதேன், போங்க.”

தடவிப் பார்த்தால் ஒன்றும் கைக்குத் தட்டுப்படாது. நான் சிரிப்பேன். அவரும் சிரித்துக்கொண்டே வேலைக்குக் கிளம்புவார்.

அத்தை வந்ததும் அப்பாவின் மெத்தையைச் சுருட்டிப் பரணில் ஏற்றினேன். கட்டிலில் அத்தை தன்னுடையதை விரித்துக்கொண்டாள். பத்து நாளில் அப்பாவைக் கொண்டுவந்தார்கள், உயிரில்லாமல்.

செத்தவர் படுத்த மெத்தையை எங்கள் பக்கம் வீட்டில் வைத்திருக்க மாட்டார்கள். பாடையோடு எடுத்துப் போய்ச் சுடுகாட்டு ஓரத்தில் போட்டுவிடுவார்கள். தூக்கும் நேரத்தில் பங்காளி ஒருவர் வந்து, “அக்கா, அண்ணே மெத்தை எது?” என்று கேட்டார். அத்தை மாரில் அடித்துக்கொண்டு, கண்ணைத் திறக்காமலே கட்டிலைக் காட்டினாள்.

“அவனே போயிட்டான், அது எதுக்கு? தூக்கிட்டுப் போங்கப்பா!”

பேரையூரிலிருந்து பஸ் ஏறி வந்த மெத்தை அப்பாவோடு சுடுகாட்டுக்குப் போனது. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பரணில் இருப்பதையும் இறக்கிவிடுவார்களே.

அதன் பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. பகலில் அத்தை குழாயடிக்குப் போகும் நேரம் பார்த்து, பரணிலிருந்து மெத்தையை இழுத்துத் தரையில் போட்டு, அந்தப் பள்ளத்துக்குள் சுருண்டு படுப்பேன். அரை மணி நேரம் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவேன். குடத்துச் சத்தம் கேட்டதும் சுருட்டி மேலே ஏற்றிவிடுவேன். தன் மெத்தை எங்கே என்று அத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. துக்கத்தில் மறந்துவிட்டாள், நாம்தான் கெட்டிக்காரி என்று எனக்குப் பெருமை வேறு.

காரியம் முடிந்த மறுநாள் அத்தை சேலையை உதறிக் கட்டினாள். “இடுப்பு விட்டுப்போச்சுடி. வா, டவுனுக்குப் போயி ஒரு மெத்தை பாத்துட்டு வருவோம்.”

கீழவாசல் பக்கம் ஒரு மெத்தைக் கடை. கடைக்கார பாய்க்குத் தாடியெல்லாம் பஞ்சு. அத்தை ஒவ்வொரு மெத்தையிலும் ஏறிப் படுத்தாள். தென்னை நார் மெத்தை: “உழுத காட்டுல படுத்த மாதிரி இருக்கு.” ஸ்பாஞ்சு மெத்தை: “என்னய்யா இது, படுத்தா திருப்பித் தூக்கிப் போடுது?” புது இலவம்பஞ்சு: “ஆளையே முழுங்குது.”

பாய் இடுப்பில் கை வைத்து நின்றார். “ஒங்களுக்கு எப்படித்தாம்மா வேணும்?”

“நடுவுல ஒரு ஆள் படுக்குற மாதிரி பள்ளம் இருக்கணும். கொஞ்சம் இடப்பக்கமா.”

“யா அல்லா! மெத்தைதாம்மா நாங்க தருவோம். பள்ளம் நீங்கல்ல போட்டுக்கணும்!”

 அத்தை படுத்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“என்னடி முழிக்கிற? நீ ரேசனுக்குப் போனப்பல்லாம் நானும் அத இறக்கிப் போட்டுப் படுத்தேன். அது பரண்ல இருக்குறத மூணாம் நாளே பாத்துட்டேன்.”

“அப்ப ஏன் தூக்கிப் போடச் சொல்லல?”

“எதுக்குப் போடணும்? சாவுக்கு ஒரு மெத்தை போகணும். போயிருச்சுல்ல? என்னுதுதேன் போச்சு. அதனால அது இனிமே எனக்கு. ஊருக்குக் கொண்டுட்டுப் போறேன்.”

“தர மாட்டேன். எங்கப்பா மெத்தை.”

“எனக்குத் தம்பிடி!” என்றாள். ஸ்பாஞ்சு மெத்தை தூக்கிப் போட்டதுபோல் எழுந்து உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். அப்போதுதான் அவள் கண்ணைச் சரியாகப் பார்த்தேன். என் கண் மாதிரியே, தூங்காமல் வீங்கிக் கிடந்தது.

பாய்தான் வழி சொன்னார். “அதைக் கொண்டாங்க. பிரிச்சு, பஞ்சை அடிச்சு, பாதிக்குப் பாதி புதுசு கலந்து ரெண்டு மெத்தையாப் போட்டுத் தாரேன்.”

“பள்ளம்?” என்று கேட்டேன்.

“அது போயிரும் ஆத்தா.”

வீட்டுக்கு வரும்வரை பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன்.  பள்ளத்தில் ஒருத்திதான் படுக்க முடியும். இறங்கும்போது, “நாளைக்குக் கொண்டுபோவோம்” என்றேன். அன்று மத்தியானம் கடைசியாக ஒரு தடவை படுத்துக்கொண்டேன். அத்தை குழாயடியிலிருந்து வெகு நேரம் கழித்துத்தான் வந்தாள். எனக்குப் பிறகு அவளும் ஒரு தடவை படுத்தாள்.

மறுநாள் பாய் தையலைப் பிரித்துப் பஞ்சை உதறினார். பள்ளம் இருந்த இடத்தில் கைவிட்டவர், ஏதோ தட்டுப்பட்டு வெளியே எடுத்தார். இறுகி உருண்டையாகிப் போன பஞ்சு. பிய்த்தால் உள்ளே ஒரு பிடி கருப்பு இலவ விதை.

“சுத்தம் பண்ணாம அடைச்சிருக்கான்யா எவனோ. இதுல எப்படித்தேன் மனுசன் படுத்தாரு? குத்தியிருக்குமே.”

அத்தைக்கு விவரம் தெரியாது. எனக்குத்தான் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, அப்பாவை நான் மகாராசா என்று கேலி செய்ததையெல்லாம் கடை நடுவில் நின்று சொல்லி முடித்தேன். பாய் விதையைக் குப்பையில் போடப் போனார்.

“போடாதீங்க. என் மெத்தைக்குள்ள வச்சுத் தைங்க.”

“குத்தும் ஆத்தா.”

“குத்தட்டும்.”

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாயின் கையைப் பிடித்தாள். “பாதிய என்னுதுல போடுங்க. எல்லாத்தையும் இவளே அமுக்கிக்கிடப் பாக்குறா.”