தலை எண்ணாத சார்வாள்

அப்பாத்துரை சார்வாளோடு பயணம் போனால் பொறுமை வேண்டும் என்று பாளையங்கோட்டையில் சொல்வார்கள். எழுபத்திரண்டு வயது, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஆனால் எண்ணிக்கையை மட்டும் நம்பமாட்டார். வண்டி எங்கே நின்றாலும், புறப்படுமுன் பெயர்ப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்.

கெய்ரோவிலும் அதே கூத்துதான். புனிதத் தலங்களைப் பார்த்து முடித்த சர்ச் சபையார் முப்பத்தெட்டுப் பேர், சாயங்காலம் பழைய கடைவீதிச் சதுக்கத்தில் இறங்கினார்கள். வண்ணக் கண்ணாடி விளக்குகள், புதினா டீ, கொட்டுச் சத்தம். நம் பெண்கள் அரபு தெரியாமலே விரல்களால் பேரம் பேசி வென்றுவிட்டார்கள். பைகளோடு வண்டி ஏறியதும் பயண ஏற்பாட்டாளர் கிங்ஸ்லி தலைகளை எண்ணினார்.

“முப்பத்தெட்டும் இருக்கு, சார்வாள். வண்டிய எடுக்கச் சொல்லட்டா?”

“தலைய எண்ணிப் பிரயோசனம் இல்ல வே. பேரக் கூப்பிடும்.”

பஸ்ஸுக்குள் முணுமுணுத்தார்கள். சார்வாள் பட்டியலைக் கிங்ஸ்லி கையில் திணித்தார். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் பாபநாசத்திலும் எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. நாற்பத்திரண்டு பிள்ளைகளைக் கூட்டிப் போனார், நாற்பத்திரண்டு தலைகளை எண்ணி வண்டியை எடுக்கச் சொன்னார். அம்பாசமுத்திரத்தில் இறக்கிவிடலாம் என்று டிரைவர் தன் மகனையும் ஏற்றியிருந்தது அவருக்குத் தெரியாது. ஏழாம் வகுப்பு ஜோஷுவா அப்போது ஆற்றுக்குள் கிடந்தான். காணாமல்போன ஆட்டைத் தேடிக் கண்டுபிடித்த மேய்ப்பனைப் பற்றிப் போதகர் பிரசங்கம் பண்ணினால் சார்வாள் இன்றைக்கும் எழுந்து வெளியே போய்விடுவார்.

கிங்ஸ்லி வேண்டாவெறுப்பாக வாசித்தார். ஆளாளுக்கு விளையாட்டாக “உள்ளேன் ஐயா” என்றார்கள். ரிட்டயர்டு நர்ஸ் ஞானசௌந்தரி பெயருக்கு மட்டும் பதில் இல்லை. அப்போதுதான் பார்த்தார்கள், கடைசி சீட்டில் ஒரு உள்ளூர் வியாபாரி படங்களை விரித்து விற்றுக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டாவது தலை அவருடையது.

சார்வாள் சதுக்கத்துக்கு ஓடினார். அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்க்கவே பயமாக இருந்தது. அத்தனை முகமும் ஒரே முகமாக, ஈரமாகத் தெரிந்தது. ஞானசௌந்தரி ஒரு விளக்குக் கடைப் படியில், பையை மடியில் அணைத்தபடி அழுதுகொண்டிருந்தார்.

“பஸ்ஸு போயிட்டுன்னு நெனச்சேன், சார்வாள்.”

“போவாது. நான் இருக்கேம்லா.”

அவரைக் கூட்டிவந்து ஏற்றியதும் எல்லோரும் கைதட்டினார்கள். சார்வாளுக்கு அது பிடிக்கவில்லை. பட்டியலை வாங்கி முதலிலிருந்து தாமே வாசித்தார். கடைசிப் பெயருக்குப் பிறகு இன்னொரு பெயரையும் கூப்பிட்டார். எப்போதும் மனசுக்குள் கூப்பிடுவது, இன்று வாய்விட்டு வந்துவிட்டது. ஒரு பதில் வர ஆகிற நேரம் காத்து நின்றார்.

கிங்ஸ்லி பட்டியலை எட்டிப் பார்த்தார். “ஜோஷுவான்னு யாரும் வரலையே, சார்வாள்.”

“ஆமா,” என்றார் அப்பாத்துரை. “அவன் வரலை. வண்டிய எடுக்கச் சொல்லும்.”