லோசா டீச்சர் தூண்டில் போடுவதில்லை

சவாயீ தீவின் கீழ்க்கரையில் எங்கள் ஊர் ஞாயிறு பள்ளியை முப்பது வருஷமாக நடத்திவரும் லோசா டீச்சருக்கு ஒரே ஒரு குறை உண்டு. கிழமை மறந்துவிடும்.

அக்டோபரில் வரும் வெள்ளை ஞாயிறு பிள்ளைகளின் நாள். வெள்ளை உடுத்தித் தேவாலயத்தில் வசனம் ஒப்பிப்பார்கள். பெரியவர்கள் அவர்களுக்கு முதலில் பரிமாறி, பக்கத்தில் உட்கார்ந்து தட்டில் ஈ உட்காராமல் விசிறுவார்கள். திங்கட்கிழமை அரசாங்க விடுமுறை. செவ்வாய் காலையில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். கூப்பிட்ட குரலுக்குப் பிள்ளைகள் ஓடிவர வேண்டும். ஊரே இதில் தெளிவாக இருக்க, லோசா மட்டும் வருஷம் முழுக்க அந்த ஞாயிற்றிலேயே நின்றுவிட்டார். நாலு வயதுப் பொடியனிடம், "மூக்கைத் துடைச்சு விடட்டுமா?" என்று கேட்பார். அவன் வேண்டாம் என்பான். இவர் துணியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். சபை மூப்பருக்குப் பொறுக்காது.

"மூக்கு அவனுதா இருக்கலாம் லோசா, பாக்குற கண்ணு எங்களுதாச்சே!"

அபேலுவுக்குப் போன வருஷம்தான் குலத்தலைவர் பட்டம் வந்தது. அண்ணன் கடலுக்குப் போய்த் திரும்பாததால் தம்பிக்கு வந்த பட்டம். அதைத் தாங்க இவனால் ஆகுமா என்று ஊர் எடைபோட்டுக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் வீட்டின் கௌரவத்தை வெள்ளை ஞாயிறு வசனத்தின் நீளத்தில்தான் அளப்பார்கள். ஆகவே ஒன்பது வயது மகள் தெலேசியாவுக்கு இருபத்திரண்டு வரி வசனம் ஒன்றைத் தேடி எடுத்தார். அவள் இரண்டே வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டு, "இதை நான் சொல்லலப்பா" என்றாள்.

சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பார்த்தார். மசியவில்லை. லோசாவிடம் ஓடினார்.

"டீச்சரக்கா, நீங்க சொன்னா கேப்பா. போதகருக்கு நெஞ்சு வலி, இவ சொன்னாத்தான் குணமாகும்னு லேசா ஒரு வார்த்தை போட்டு வைங்களேன்."

"போதகர் காலையில தென்னை மரம் ஏறிட்டிருந்தாரே."

"அது அவளுக்குத் தெரியாதுல்ல?"

"புழு மாட்டித் தூண்டில் போடறதெல்லாம் மீனுக்கு, அபேலு. நான் அவளையே நேரா கேக்கறேன்."

கேட்டார். "எனக்குன்னு வேற வசனம் ஒண்ணு வச்சிருக்கேன்" என்று சொல்லி, அதைக் காதில் சொன்னாள் தெலேசியா. "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க."

"கேட்டா பொய் சொல்ல மாட்டேன். உன்னையே கேக்கச் சொல்லுவேன். பரவாயில்லையா?"

யோசித்துவிட்டுச் சம்மதித்தாள். அபேலு வந்து விசாரித்தபோது, "அவளையே கேளு" என்றார் லோசா. பட்டம் கட்டியவர் மகளிடம் போய்க் கேட்பதாவது! கேட்கவில்லை. கடைசியில் பெரிய வசனம்தான் வரும் என்று நம்பி, அண்டை ஊர்த் தலைவர்களையும் அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை தெலேசியா எழுந்து வந்தாள். நண்பன் இறந்ததற்காக இயேசு அழுததைச் சொல்லும் குட்டி வசனத்தை ஒப்பித்தாள். மூன்று வயதுக் குழந்தைகளுக்கென்றே ஊர் ஒதுக்கி வைத்திருந்த வசனம் அது. பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. அபேலுவுக்குக் காது மடல்கள் கொதித்தன.

மூப்பர் பல்லைக் கடித்தார். "லோசா, பெரிய வசனத்துல முதல் வரியை எடுத்துக் குடு!"

"அவ இன்னும் முடிக்கல மூப்பரே."

தெலேசியா முடிக்கவில்லைதான். "எனக்குப் பெரிசும் தெரியும். இதுதான் பிடிச்சிருக்கு. அவரு எல்லார் முன்னாடியும் அழுதாரு. எங்க பெரியப்பா செத்தப்ப அப்பா சேப்பங்கிழங்குத் தோட்டத்துக்குப் போய்த் தனியா அழுதாரு. வீட்டுக்கு வந்து, கண்ணுல வேர்வைன்னாரு. நானும் நம்பின மாதிரி இருந்தேன்."

சிரிப்பு நின்றது. ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்தது அபேலுவை மீறி வந்தது. அத்தனை தலைவர்கள் பார்க்க, வெள்ளைக் கோட்டுடன் குலுங்கிக் குலுங்கி அழுதார். பக்கத்து ஊர்த் தலைவர் ஒருவர் அவர் முதுகில் கை வைத்தார். லோசாவை விலக்கச் சொல்லும் புகாரை எழுதிச் சட்டைப்பையில் தயாராக வைத்திருந்த மூப்பர், முதல் கையெழுத்துக்கு அபேலுவைத்தான் நம்பியிருந்தார். இப்போது மூப்பர் கூரையைப் பார்க்க ஆரம்பித்தார்.

வெளியே வந்ததும் அபேலு லோசாவின் கைகளைப் பிடித்துக்கொண்டார். "எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல டீச்சரக்கா. வருஷம் பூரா என் நெஞ்சுல கல்லு மாதிரி கிடந்துச்சு."

"எனக்கு எதுக்கு? நான் சும்மாதானே உக்காந்திருந்தேன். சொன்னவ அதோ நிக்கறா."

பெற்ற பிள்ளைக்கு நன்றி சொல்லி அபேலுவுக்குப் பழக்கமில்லை. எங்கள் ஊரில் யாருக்குமே இல்லை. மகள் முன்னால் மணலில் குந்தினார். தொண்டையைச் செருமினார். மறுபடியும் செருமினார்.

"தெலேசியா... ரொம்ப நன்றிம்மா."

அவள் அதைக் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தாள்.

"சரிப்பா. நான் போய்ச் சாப்பிடட்டுமா?"