மூன்று நாள் மீனில்லாச் சோதனை

மலம் சோதிக்கிற உத்தியோகத்தில் ஒரு நன்மை உண்டு: இண்டைக்கு வேலை எப்படி என்று வீட்டில் ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஆஸ்பத்திரி ஆய்வுகூடங்களில் என்னைப் போல மூக்கைப் பொத்திக்கொண்டு காலம் தள்ளியவர்களே, உங்களுக்கு இது விளங்கும்.

பிஸ்கற் டின்

சின்னப் போத்தலில் கொஞ்சம் போதும் என்றுதான் எல்லோருக்கும் சொல்லுவேன். நெருப்புப்பெட்டியில் வரும், பவுடர் டின்னில் வரும். மூதூர் லாஞ்சி ஓட்டுகிற ஹனிபா காக்கா பிஸ்கற் டின்னோடு வந்தார், அதுவும் பெரிய டின். மூலவியாதி என்று நினைத்து ஒரு வருசமாக நாட்டு மருந்து குடித்தவர். வயிறு ஒரு கிழமை இறுகும், அடுத்த கிழமை இளகும். டொக்டர் கண்மடலை இழுத்துப் பார்த்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாமல் இரத்தம் போகிறதா என்று சோதிக்கத் துண்டு எழுதியிருந்தார். டின்னைத் திறந்த நான் பின்வாங்கியதைக் கண்டு காக்கா ஆறுதல் சொன்னார்:

“குறைஞ்சா திருப்பி அனுப்புவீங்க எண்டுதான் தம்பி, நிறையக் கொண்டு வந்தன்.”

ஆணம்

இந்தச் சோதனைக்கு மூன்று நாள் மீன், இறைச்சி தொடக்கூடாது. தொட்டால் அந்த இரத்தத்துக்கும் மருந்து நீலமாகும், யாருடைய இரத்தம் என்று சொல்ல ஏலாது. கடலிலேயே கிடக்கிற மனுசனிடம் மீன் தின்னாதே என்பது லேசான கதையா? நீலம் வந்தது. மீன் சாப்பிட்டீங்களோ என்று கேட்டேன். இல்லவே இல்லை என்று சத்தியம் பண்ணினார். அப்ப சோற்றுக்கு என்ன ஊற்றினீங்கள் என்றேன்.

“மீன எடுத்துப் பூனைக்குப் போட்டுட்டன் தம்பி, ஆணம் மட்டும்தான் ஊத்தினன்.”

பட்டி

அந்த ஆணத்தை, மீன் குழம்பைத்தான், நம்பி நானும் இரண்டு கிழமை சந்தோசமாக இருந்தேன். மீனால் வந்த நீலமென்றால் மனுசன் தப்பினார். இரண்டாம் தரம் மனைவியும் கூட வந்தார். மூன்று நாளும் கூப்பன் அரிசிச் சோறும் பூசணிக்காயும்தானாம், சட்டிக்குத் தானே காவல் இருந்தாராம். காக்காவின் இடுப்புப் பட்டியில் புதிதாகக் குத்திய ஓட்டைகள் மூன்று. விரலில் ஊசி குத்தினேன், தண்ணீர் கலந்தது போல வெளிறிய இரத்தம். மாதிரிக்கு மருந்தை விட்டேன். பத்து எண்ண முதல் நீலம். கள்ளமாக ஒரு சூடைமீனாவது தின்றிருக்கக் கூடாதா இந்த மனுசன் என்று எனக்குக் கோபமே வந்தது. மெலிஞ்சு போனீங்கள் என்றேன்.

“நான் மெலியல்ல தம்பி, கடல் ஈரத்துக்குத் தோல் இழுபடுது.”

விரும்பினதைச் சாப்பிடுங்கோ

கொழும்புக்குப் போய்க் குடலைப் படம் எடுத்து வந்தார். பெருங்குடலில் கட்டி. டொக்டர் விலாவுக்குக் கீழே கைவைக்க, ஈரல் வீங்கிக் கட்டிகட்டியாகத் தட்டுப்பட்டதாம். வயிற்றில் நீரும் கட்டத் தொடங்கியிருந்தது. வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது. டொக்டர் அதை வாயால் சொல்லவில்லை, இனி விரும்பினதைச் சாப்பிடுங்கோ என்று மட்டும் சொன்னார். எங்கள் பக்கத்தில் அந்த வசனத்துக்கு விளக்கம் தேவையில்லை. அடுத்த நாள் காலை லாஞ்சியால் இறங்கிக் காக்கா ஆய்வுகூடத்துக்கு வந்தார், ஓலைப்பையில் ஒரு பெரிய பாரை மீன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. போத்தல் கழுவுகிற சாட்டில் திரும்பி நின்றேன். அவர் பையை மேசையில் வைத்தார்.

“டொக்டர் எல்லாம் தின்னலாம் எண்டுட்டாரு, எனக்கு விளங்கிட்டு. உங்கட சொல்லுக் கேட்டு நான் தின்னாம விட்ட மீன் இது, நீங்க தின்னுங்க தம்பி.”

அந்த உத்தியோகத்தில் எத்தனையோ சோதனைகளில் பிழை விட்டுப் பேச்சு வாங்கியிருக்கிறேன். பிழையாக இருக்கவேண்டும் என்று கோயிலில் நேர்ந்துகொண்ட ஒன்றே ஒன்றுதான் அச்சொட்டாகச் சரியாக வந்து தொலைத்தது.